அக்கின்ஃபென்வாவின் 21 ஆண்டுகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் இங்கிலாந்தின் கீழ்நிலை லீகுகளைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதியபோது, 2022இல் ஓய்வு பெற்ற முன்கள வீரர் அடேபாயோ அக்கின்ஃபென்வாவின் பெயரை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த ஒரு வரி போதாது என்பதை அதற்குப் பின் வந்த கடிதங்கள் உணர்த்தின. ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அவருக்கே ஒதுக்குகிறேன்.

என் மகன் கணினியில் ஆடும் ஃபிஃபா கால்பந்து விளையாட்டில் அக்கின்ஃபென்வாவைக் காட்டி, ‘உலகிலேயே பலசாலியான ஆட்டக்காரர் இவர்தான்’ என்கிறான். அவர் உண்மையிலேயே நல்ல ஆட்டக்காரரா, அல்லது உடம்பைப் பார்த்து வந்த புகழா?
— வாசகி, திருச்சி

தங்கள் மகன் சொல்வது சரி. அந்த விளையாட்டு பல ஆண்டுகள் தொடர்ந்து அவருக்கு உடல் வலிமையில் மிக உயர்ந்த மதிப்பெண்ணைக் கொடுத்து வந்தது. உலகெங்கும் பிள்ளைகள் அவர் பெயரை அறிந்தது அதன் வழியாகத்தான். ஆனால் ஒரு வீரரின் தரத்தை அளக்க அதைவிட நல்ல அளவுகோல் இருக்கிறது. இங்கிலாந்தில் தொழில்முறை வீரர்களின் சங்கம், அதாவது 1907 முதல் இயங்கிவரும் பி.எஃப்.ஏ., ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் ஒவ்வொரு லீகுக்கும் ஓர் ‘ஆண்டின் சிறந்த அணி’யைத் தேர்ந்தெடுக்கிறது. அதற்கு வாக்களிப்பவர்கள் ரசிகர்களோ பத்திரிகையாளர்களோ அல்லர், அந்தந்த லீகில் ஆடும் வீரர்களே. 2017–18 பருவத்தில் லீக் டூ அணிக்கு அக்கின்ஃபென்வா தேர்வானார். அப்போது அவருக்கு 36 வயதாகப் போகிறது. வாரா வாரம் அவரை மறித்து நின்று, அவரிடம் இடி வாங்கியவர்கள் இட்ட வாக்குகள் அவை. வெறும் உடம்புக்காக அவர்கள் வாக்களித்திருக்க மாட்டார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

அவருடைய வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1982 மே 10 அன்று லண்டனின் இஸ்லிங்டன் பகுதியில், நைஜீரிய வழிவந்த குடும்பத்தில் பிறந்தார். 2001இல் லித்துவேனியாவில் தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கி, வேல்ஸ் வழியாக இங்கிலாந்துக்குத் திரும்பி, 2022 மே வரை ஆடினார். 21 ஆண்டுகளில் 200க்கும் மேற்பட்ட கோல்கள் அடித்தார். ஸ்வான்சி அணி தன் புதிய லிபர்ட்டி அரங்கில் 2005 ஆகஸ்டில் டிரான்மியர் ரோவர்ஸை எதிர்த்து முதல் லீக் ஆட்டத்தை ஆடியபோது, அந்த அரங்கின் முதல் லீக் கோலை அடித்தவர் அவர்தான். அடுத்த ஏப்ரலில் கார்டிஃபில் நடந்த ஃபுட்பால் லீக் டிராஃபி இறுதி ஆட்டத்தில் கார்லைல் அணிக்கு எதிராக ஸ்வான்சிக்கு வெற்றி தேடித் தந்த கோலும் அவருடையதே. உடம்பு அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்திருக்கலாம். ஒரு பருவம் முடிந்து அடுத்த பருவத்துக்கு வேலை வாங்கிக் கொடுத்தவை கோல்கள்தாம்.

லீக் ஒன், லீக் டூ என்கிறீர்கள். ‘ஒன்’ என்றால் முதல்நிலைதானே? அதை ஏன் கீழ்நிலை லீக் என்று எழுதுகிறீர்கள்?
— வாசகர், சேலம்

பெயர்தான் குழப்புகிறது. உச்சியில் இருப்பது 20 அணிகள் கொண்ட பிரீமியர் லீக். அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்று மூன்று அடுக்குகள், ஒவ்வொன்றிலும் 24 அணிகள், ஒவ்வோர் அணிக்கும் 46 லீக் ஆட்டங்கள். ஆகவே லீக் ஒன் என்பது மூன்றாம் நிலை, லீக் டூ என்பது நான்காம் நிலை. 2004இல் பெயர்களை மாற்றியபோது இந்த நிலை வந்தது.

இந்தப் பகுதியைப் படிக்க இன்னும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். லீக் டூவில் முதல் மூன்று இடம் பிடிக்கும் அணிகள் நேரடியாக மேல்நிலைக்குச் செல்லும். நான்காம் இடம் முதல் ஏழாம் இடம் வரை வந்த நான்கு அணிகள் தங்களுக்குள் ஆடி, வெல்லும் ஓர் அணி அவற்றுடன் சேரும். லீக் ஒன்னில் முதல் இரண்டு அணிகள் நேரடியாகவும், அடுத்த நான்கில் ஓர் அணி இவ்வாறு ஆடியும் உயரும். இதைப் பிளே-ஆஃப் என்கிறார்கள். இறுதி ஆட்டம் வழக்கமாக வெம்பிளியில் நடக்கும். 46 ஆட்டங்களின் உழைப்பு ஒரே பிற்பகலில் கைகூடும், அல்லது கைநழுவும். அக்கின்ஃபென்வாவின் வாழ்க்கையில் அப்படிப்பட்ட பிற்பகல்கள் பல உண்டு.

100 கிலோவைத் தாண்டிய ஒருவர் தொழில்முறைக் கால்பந்தில் எப்படி ஓட முடியும்? அவர் களத்தில் செய்த வேலைதான் என்ன?
— வாசகர், கோவை

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்.

ஓடியும் எதிரணியைக் கடந்தும் கோல் அடிக்கிறவர்களைத்தான் நாம் முன்கள வீரர் என்று நினைக்கிறோம். அக்கின்ஃபென்வா அந்த வகையைச் சேர்ந்தவர் அல்லர். எதிரணியின் கோலுக்கு முதுகைக் காட்டியபடி நின்று, தன் அணியினர் தொலைவிலிருந்து அனுப்பும் பந்தைத் தாங்கி நிறுத்துவதே அவருடைய தொழில். சொல்வதற்கு எளிதாகத் தோன்றும். ஒரு முறை கூர்ந்து பார்த்தால்தான் அதன் கடினம் புரியும்.

அவருடைய அணியின் கோல்கீப்பர் பந்தை உயரமாக உதைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்து வானில் இருக்கும் அந்த மூன்று நான்கு நொடிகளில் அக்கின்ஃபென்வா பந்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. கால்களை அகட்டி, முழங்காலைச் சற்றே மடக்கி, பின்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரரின் நெஞ்சில் தன் முதுகைச் சாய்த்து, அவருடைய எடை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை உணர்ந்துகொள்கிறார். கைகள் இரண்டும் சிறகு விரித்தாற்போல விலகியிருக்கும். பின்னால் இருப்பவர் சுற்றிக்கொண்டு முன்னே வர முயன்றால் அது கையிலேயே தெரிந்துவிடும். பந்து இறங்கும் கணத்தில் அரை அடி முன்னே நகர்ந்து, நெஞ்சில் வாங்கி, அது தரையைத் தொடுவதற்குள் பக்கவாட்டில் ஓடிவரும் சக வீரரின் காலுக்குத் தட்டிவிடுகிறார். அதற்குப் பிறகு கோல் பகுதியை நோக்கி மெதுவாக நடக்கத் தொடங்குகிறார். பக்கவாட்டிலிருந்து பந்து மீண்டும் உள்ளே வரும்போது அவர் அங்கே இருப்பார்.

பந்து ஆடும் தூரத்தில் இருக்கும்வரை அதை உடம்பால் மறைத்து நிற்பது ஆட்ட விதிகளுக்கு உட்பட்டதே. பின்னால் இருப்பவர் பொறுமை இழந்து தள்ளினால் ஃப்ரீ கிக் கிடைக்கும். 2016 முதல் அவர் ஆடிய விக்கம் அணியில் ஜோ ஜேக்கப்சன் என்ற இடது கால் ஆட்டக்காரர் இருந்தார்; நின்ற பந்தை உதைப்பதில் அந்த லீகுகளில் அவருக்கு நிகரானவர்கள் குறைவு. ஆகவே அக்கின்ஃபென்வாவைத் தள்ளுவதே எதிரணிக்கு ஆபத்து. ஒருவரால் அவரை அசைக்க முடியாது என்பதால் இருவர் அவரைக் காவல் காத்தார்கள். இருவர் அவரிடம் சென்றதால் வேறு யாரோ ஒருவர் காவலின்றி நின்றார். கோல் கணக்கில் இந்த வேலை ஏறாது. ஆனால் பயிற்சியாளர்களுக்கு இதன் மதிப்புத் தெரியும்.

எடை மட்டும் இருந்தால் இதைச் செய்துவிட முடியும் என்று யாராவது நினைத்தால், நெஞ்சில் வாங்கும் அந்த ஒரு தொடுதலை மட்டும் அவர்கள் பயின்று பார்க்க வேண்டும். 40 அடி உயரத்திலிருந்து விழும் பந்து ஒரு முழம் தள்ளிப் போனாலும் எதிரணிக்குப் போய்விடும்.

அவருடைய அணிகளின் பட்டியலைப் பார்த்து வியந்தேன். ஒரே பருவத்தில் நான்கு அணிகள்கூட இருக்கின்றன. யாரும் அவரை வைத்துக்கொள்ள விரும்பவில்லையா?
— வாசகர், நாகர்கோவில்

தாங்கள் குறிப்பிடுவது 2003–04 பருவம். பாஸ்டன் யுனைடெட், லேட்டன் ஓரியன்ட், ரஷ்டன் அண்ட் டைமண்ட்ஸ், டான்காஸ்டர் ரோவர்ஸ் என்று நான்கு சட்டைகளை அந்த ஒரு பருவத்தில் அணிந்தார். அதற்கு முந்தைய பருவத்தில் வேல்ஸ் நாட்டின் பாரி டவுன் அணியில் ஆடி லீக் பட்டமும் கோப்பையும் வென்றிருந்தார். ஆனால் அந்தக் கழகம் பண நெருக்கடியில் வீழ்ந்து, வீரர்கள் நடுத்தெருவுக்கு வந்துவிட்டார்கள். பட்டம் வென்ற கையோடு வேலை தேட வேண்டிய நிலை.

கீழ்நிலை லீகுகளில் வேலை எப்படி அமைகிறது என்பதை அறிந்தால் அந்தப் பட்டியல் விசித்திரமாகத் தோன்றாது. அங்கே ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஓராண்டுக்கோ இரண்டாண்டுக்கோ உரியவை. பல நேரங்களில் ஒரு மாதத்துக்குக்கூட எழுதப்படும். ஒப்பந்தம் ஜூன் 30 அன்று முடிவடையும். அதற்கு முன்பாக, பருவம் முடிந்த சில நாட்களுக்குள், யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுவிக்கிறோம் என்ற பட்டியலை ஒவ்வொரு கழகமும் வெளியிடும். 1995இல் ஐரோப்பிய நீதிமன்றம் பெல்ஜிய வீரர் ஜான்-மார்க் போஸ்மன் வழக்கில் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்த வீரரைப் பணம் எதுவும் கேட்காமல் வேறு கழகத்துக்குப் போகவிட வேண்டும் என்றாயிற்று. பெரிய வீரர்களுக்கு அந்தத் தீர்ப்பு பெரும் செல்வத்தைக் கொண்டுவந்தது. கீழே இருப்பவர்களுக்கோ, எங்கும் போகலாம் என்ற சுதந்திரத்துடன், எங்கும் நிலையில்லை என்ற கவலையும் சேர்ந்து வந்தது. வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளி, குடும்பம் இருக்கும் ஊர் எல்லாமே அந்த மே மாதப் பட்டியலைப் பொறுத்தே அமையும்.

அக்கின்ஃபென்வாவுக்கு நிலையான இடம் முதலில் டார்க்கீ யுனைடெட்டில் ஒரு பருவமும், பிறகு ஸ்வான்சியில் இரண்டு பருவங்களும் கிடைத்தன. ஸ்வான்சியில் இருந்தபோது, 2007இல், ஸ்கன்தார்ப் அணியுடனான ஆட்டத்தில் அவருடைய கால் எலும்பு முறிந்தது. அவ்வளவு பெரிய உடம்பைத் தாங்க வேண்டிய கால் அது. ஸ்வான்சியை விட்டு விலகிய பின், அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் மில்வாலில் சில ஆட்டங்கள் ஆடினார். ஒரு கோலும் இல்லை. அவருடைய காலம் முடிந்தது என்று பலர் எண்ணியிருக்கக்கூடும். 2008 ஜனவரியில் நார்தாம்ப்டன் டவுன் அவரை எடுத்துக்கொண்டது. அங்கேதான் அவர் மீண்டும் கோல் அடிக்கத் தொடங்கினார். பிறகு ஜில்லிங்ஹம், மீண்டும் நார்தாம்ப்டன், மீண்டும் ஜில்லிங்ஹம். தாங்கள் ‘யாரும் வைத்துக்கொள்ளவில்லையா’ என்று கேட்டீர்கள். அவர் ஒரு முறை விட்டு விலகிய இரண்டு கழகங்கள் அவரைத் திரும்ப அழைத்திருக்கின்றன என்பதையும் அந்தப் பட்டியலிலேயே பாருங்கள்.

இந்த நிலையின்மையின் உச்சத்தை 2016 மே 30 அன்று வெம்பிளியில் உலகமே பார்த்தது. ஏஎஃப்சி விம்பிள்டன் அணிக்கும் பிளிமத் ஆர்கைல் அணிக்கும் இடையே லீக் டூ பிளே-ஆஃப் இறுதி ஆட்டம். லைல் டெய்லரின் கோலால் விம்பிள்டன் முன்னிலையில் இருந்தது. கூடுதல் நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தபோது பெனால்டி கிடைத்தது. வழக்கமாகப் பெனால்டி எடுப்பவர் வேறொருவர். பருவம் முடிந்ததும் கழகம் தன்னை விடுவிக்கப் போகிறது என்பதை அறிந்திருந்த அக்கின்ஃபென்வா, அந்தப் பந்தைத் தான் வாங்கிக்கொண்டார். கோல். 2–0. கொண்டாட்டத்தின் நடுவே தொலைக்காட்சி ஒலிவாங்கியின் முன் நின்று, இப்போது தனக்கு வேலை இல்லை என்றும், தன்னை எடுத்துக்கொள்ள விரும்பும் மேலாளர்கள் வாட்ஸ்ஆப்பில் தொடர்புகொள்ளலாம் என்றும் சொன்னார். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அது 34 வயதில், இரண்டு கைகளும் கோப்பையைப் பிடித்திருக்கும் நேரத்தில், ஒருவர் பகிரங்கமாக எழுதிய வேலை விண்ணப்பம். ஜூலையில் விக்கம் வாண்டரர்ஸ் அவரை எடுத்தது.

லித்துவேனியாவில் அவர் நிறவெறிக்கு ஆளானார் என்று படித்தேன். ஏன் அங்கே போனார்? என்ன நடந்தது?
— வாசகி, யாழ்ப்பாணம்

இங்கிலாந்தில் இடம் கிடைக்காத 18, 19 வயது இளைஞருக்கு, கிளைப்பேடா நகரின் அட்லாண்டாஸ் கழகத்தில் இடம் கிடைத்தது. லண்டனை விட்டு வெளியே வாழ்ந்திராத கறுப்பின இளைஞர், பால்டிக் கடலோரத்துத் துறைமுக நகரில். ஆட்டத்தின்போது பார்வையாளர் பகுதியிலிருந்து நிறத்தைச் சொல்லி இழித்துக் கத்தினார்கள். எதிரணியின் ரசிகர்கள் மட்டுமல்ல, தன் அணியைப் பார்க்க வந்தவர்களிடமிருந்தும் அது வந்தது என்பதை அவர் பின்னாளில் பல முறை சொல்லியிருக்கிறார். ஊருக்குத் திரும்பிவிடத் துடித்தவர், திரும்பினால் கத்தியவர்கள் வென்றதாகிவிடும் என்று தங்கிவிட்டார். அந்தக் கழகத்துடன் நாட்டின் கோப்பையை வென்ற பிறகே வந்தார்.

இதை ‘துன்பம் அவரை உரமாக்கியது’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்த வயதில் யாருக்கும் அது நேர்ந்திருக்கக் கூடாது. கத்தியவர்கள் அவருக்கு எந்த நன்மையும் செய்யவில்லை; அவர் அவர்களையும் மீறித் தன் வேலையைச் செய்தார், அவ்வளவே.

லிவர்பூலுக்கு எதிராக அவர் அடித்த கோலைப் பற்றி எழுதுங்கள்.
— கல்லூரி மாணவர், மதுரை

2015 ஜனவரி 5, எஃப்.ஏ. கோப்பையின் மூன்றாம் சுற்று. இடம், கிங்ஸ்டன் பகுதியில் ஐயாயிரம் பேர்கூடக் கொள்ளாத கிங்ஸ்மெடோ அரங்கம்.

அப்போது அவர் ஆடிய ஏஎஃப்சி விம்பிள்டன் கழகத்தின் கதையை இரண்டு வரியில் சொல்ல வேண்டும். பழைய விம்பிள்டன் கழகம் மில்டன் கீன்ஸ் நகருக்கு இடம்பெயர 2002இல் அனுமதி கிடைத்தபோது, அதை ஏற்காத ரசிகர்கள் தாங்களே ஒரு கழகத்தைத் தொடங்கி, ஒன்பதாம் நிலை லீகிலிருந்து ஏறி, 2011இல் லீக் டூவை அடைந்தார்கள். அப்படிப்பட்ட கழகத்தைத் தேடி லிவர்பூல் வருகிறது. அக்கின்ஃபென்வாவோ சிறு வயது முதல் லிவர்பூல் ரசிகர். அந்த அணியின் முன்னாள் வீரர் ஜான் பார்ன்ஸைப் பார்த்து வளர்ந்தவர். அணித்தலைவர் ஸ்டீவன் ஜெரார்டு அந்தப் பருவத்தோடு லிவர்பூலை விட்டு விலகுவதாக அறிவித்து மூன்று நாட்கள்தான் ஆகியிருந்தன.

ஜெரார்டு முதல் கோலை அடித்தார். 36ஆவது நிமிடத்தில் ஒரு கார்னர். லிவர்பூலின் கோல்கீப்பர் மின்யோலே பந்தைச் சரியாகக் கையாள முடியாமல் போக, கோல் வாயில் நெருக்கியடித்த கூட்டத்தில் அக்கின்ஃபென்வாவின் காலுக்குப் பந்து வந்தது. அழகான கோல் என்று சொல்ல மாட்டேன். இருக்க வேண்டிய இடத்தில், யாராலும் நகர்த்த முடியாதபடி இருந்தார்; அதற்குக் கிடைத்த கோல். இரண்டாம் பாதியில் ஜெரார்டு ஃப்ரீ கிக்கில் மீண்டும் ஒரு கோல் அடிக்க, லிவர்பூல் 2–1 என்று வென்றது. ஆட்டம் முடிந்து ஜெரார்டின் சட்டையை வாங்கிக்கொண்டு போனார். தான் நேசித்த அணிக்கு எதிராகக் கோல் அடித்ததும், அந்த அணியின் தலைவர் கையால் சட்டை பெற்றதும் ஒரே இரவில்.

விக்கம் போன்ற சிறிய கழகம் சாம்பியன்ஷிப்பை எட்டியதில் அவருடைய பங்கு எவ்வளவு?
— வாசகர், புதுச்சேரி

விக்கம் வாண்டரர்ஸ் 1887இல் தொடங்கிய கழகம். 2020 வரை இரண்டாம் நிலையில் ஆடியதே இல்லை. 2014 மே மாதத்தில், பருவத்தின் கடைசி நாளில் டார்க்கீயை 3–0 என்று வென்று, கோல் வித்தியாசத்தில்தான் லீகிலேயே நிலைத்தது. அப்போது கழகம் ரசிகர் அறக்கட்டளையின் உடைமை. மேலாளர் கேரத் எய்ன்ஸ்வர்த்; அதே கழகத்தில் ஆடிக்கொண்டிருந்தபோதே மேலாளரானவர்.

எய்ன்ஸ்வர்த்திடம் விலைகொடுத்து வீரர்களை வாங்கப் பணம் இல்லை. ஆகவே மற்றவர்கள் விடுவித்தவர்களைத் தேடி எடுத்து, அவர்களிடம் என்ன இருக்கிறதோ அதற்கேற்ப ஆட்டத்தை அமைத்தார். அக்கின்ஃபென்வாவை ஓடச் சொல்லவில்லை. பந்தை அவரிடம் கொண்டுபோகச் சொன்னார். ஒரு வீரரின் குறையைத் திருத்த முயன்று நேரத்தை வீணாக்காமல், அவருடைய நிறையைச் சுற்றி அணியைக் கட்டியதுதான் அந்த மேலாளரின் பெரிய திறமை என்பது என் கருத்து. 2017–18இல் அக்கின்ஃபென்வா 17 லீக் கோல்கள் அடிக்க, விக்கம் மூன்றாம் இடம் பிடித்து லீக் ஒன்னுக்கு உயர்ந்தது.

2020இல் கொரோனாவால் மார்ச் மாதத்தோடு ஆட்டங்கள் நின்றன. நின்றபோது விக்கம் எட்டாம் இடத்தில் இருந்தது. ஆனால் தனக்கு மேலே இருந்த பலரைவிடக் குறைந்த ஆட்டங்களையே ஆடியிருந்ததால், ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை புள்ளிகள் என்று கணக்கிட்டபோது மூன்றாம் இடத்துக்கு வந்து பிளே-ஆஃபில் நுழைந்தது. ஃப்ளீட்வுட் டவுனைக் கடந்து, ஜூலை 13 அன்று ஆக்ஸ்ஃபர்டு யுனைடெட்டை வெம்பிளியில் சந்தித்தது. நம் ஊரில் நள்ளிரவு. ஆளில்லாத அந்தப் பெரிய அரங்கில் வீரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் குரல்கள் எதிரொலித்ததை நான் இன்னும் மறக்கவில்லை. ஆந்தனி ஸ்டூவர்ட் விக்கமுக்கு முதல் கோலை அடிக்க, ஆக்ஸ்ஃபர்டு சமன் செய்தது. 79ஆவது நிமிடத்தில் ஜேக்கப்சனின் பெனால்டி. 2–1.

நான்காண்டுகளுக்கு முன் அதே மைதானத்தில் வேலை கேட்டு நின்றவர், 38 வயதில் முதன்முறையாகச் சாம்பியன்ஷிப்பில் ஆடத் தகுதி பெற்றார். இம்முறை ஒலிவாங்கியின் முன், வாட்ஸ்ஆப்பில் தன்னைத் தொடர்புகொள்ளக்கூடிய ஒரே மனிதர் யூர்கன் கிளாப் மட்டுமே, இருவரும் சேர்ந்து கொண்டாடலாம் என்றார். லிவர்பூல் அப்போதுதான் 30 ஆண்டுகளுக்குப் பிறகு இங்கிலாந்தின் பட்டத்தை வென்றிருந்தது. அந்த அணியின் மேலாளரான கிளாப் உடனே ஒரு காணொளி வாழ்த்தை அனுப்பிவிட்டார். அதைப் பார்த்து அக்கின்ஃபென்வா துள்ளிக் குதிக்கும் காட்சியைத் தாங்கள் பார்த்திருக்கலாம்.

அடுத்த பருவம் சாம்பியன்ஷிப்பில். அக்கின்ஃபென்வா பெரும்பாலும் மாற்று வீரராகவே களமிறங்கினார். அந்தப் பருவத்தில் விக்கம் 43 புள்ளிகள் எடுத்தது. டார்பி கவுண்டி 44. அந்த ஒரு புள்ளியில் விக்கம் மீண்டும் கீழே இறங்கியது.

ரிக்கி லாம்பர்ட்டும் கீழ்நிலை லீகுகளிலிருந்து வந்தவர்தான். அவர் இங்கிலாந்து அணி வரை போனார். அக்கின்ஃபென்வாவால் ஏன் பிரீமியர் லீகை எட்ட முடியவில்லை?
— வாசகர், வேலூர்

நல்ல ஒப்பீடு. இருவரும் 1982இல், சில மாத இடைவெளியில் பிறந்தவர்கள். லாம்பர்ட் 15 வயதில் லிவர்பூலால் விடுவிக்கப்பட்டவர். பிளாக்பூலிலிருந்தும் வெளியேறிய பின் பீட்ரூட்டை போத்தலில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். மேக்கில்ஸ்ஃபீல்டு, ஸ்டாக்போர்ட், ராச்டேல், பிரிஸ்டல் ரோவர்ஸ் என்று ஏறி, 2009இல் அப்போது லீக் ஒன்னில் இருந்த சவுத்தாம்ப்டனில் சேர்ந்தார். அந்தக் கழகம் மூன்றாண்டுகளில் இரண்டு முறை தர உயர்வு பெற்றது. அவரும் அதனுடன் உயர்ந்தார். சவுத்தாம்ப்டனுக்காக எடுத்த 34 பெனால்டிகளில் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. 2013 ஆகஸ்டில் ஸ்காட்லாந்துக்கு எதிராக இங்கிலாந்துக்காக முதன்முறை களமிறங்கி, சில நிமிடங்களிலேயே, முதல் தொடுதலிலேயே, தலையால் முட்டிக் கோல் அடித்தார்.

லாம்பர்ட்டும் வேகமானவர் அல்லர். ஆனால் கோலுக்கு முன்னால் ஆடுவது போலவே நடுக்களத்துக்கு இறங்கி வந்து, நீண்ட பந்துகளைத் துல்லியமாகப் பிரித்துக் கொடுக்கவும் அவரால் முடிந்தது. மேல்நிலையில், கடைசி வரிசையை முன்னுக்கு நகர்த்தி ஆடும் அணிகளுக்கு எதிராக அது தேவைப்பட்டது. அக்கின்ஃபென்வாவின் ஆட்டம் 90 நிமிடங்களும் எதிரணியை விரட்டிச் செல்ல வேண்டிய மேல்நிலை வேகத்துக்குப் பொருந்தவில்லை. இதை ஒளிக்க வேண்டியதில்லை. அவர் தன் திறமைக்கு உரிய நிலையில், அந்த நிலையின் மிகச் சிறந்தவர்களில் ஒருவராக 20 ஆண்டுகள் நின்றார். அதைத் தோல்வி என்று எண்ண எனக்குக் காரணம் தெரியவில்லை.

அவருடைய கடைசி ஆட்டம் வெற்றியில் முடிந்ததா?
— வாசகி, ஈரோடு

இல்லை. 2022 மே 21 அன்று, 40 வயது நிறைந்து 11 நாட்களில், சண்டர்லாண்டுக்கு எதிரான லீக் ஒன் பிளே-ஆஃப் இறுதி ஆட்டமே அவருடைய கடைசி ஆட்டம். அந்தப் பருவத்தோடு ஓய்வு பெறுவதாக முன்பே சொல்லியிருந்தார். அரங்கில் 70,000 பேருக்கு மேல் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சண்டர்லாண்டு ரசிகர்கள். கடைசிக் கட்டத்தில் மாற்று வீரராக இறங்கினார். விக்கம் 0–2 என்று தோற்றது.

அது அவருக்கு ஐந்தாவது பிளே-ஆஃப் இறுதி. 2006இல் ஸ்வான்சிக்காகப் பார்ன்ஸ்லிக்கு எதிராக ஆடி, பெனால்டி உதைகளில் தன்னுடையதைத் தவறவிட்டார்; அணி தோற்றது. 2013இல் நார்தாம்ப்டனுடன் பிராட்ஃபர்டு சிட்டியிடம் 0–3. 2016இலும் 2020இலும் வெற்றி. 2022இல் மீண்டும் தோல்வி. தோற்ற மூன்றில் 2006 பற்றித்தான் எனக்கு எப்போதும் தோன்றும். அன்று அவருக்கு 24 வயது. அந்த உதை உள்ளே போய் ஸ்வான்சி வென்றிருந்தால், அவர் சாம்பியன்ஷிப்பில் ஆட 38 வயது வரை காத்திருந்திருக்க வேண்டாம். பத்தாண்டுகள் கழித்து, வேறொருவர் எடுக்க வேண்டிய பெனால்டிப் பந்தை வெம்பிளியில் கேட்டு வாங்கியவரும் அவர்தான்.